பல் தரும் சான்று

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ, பல்லைப் பாராமல் எவரும் வாங்குவதில்லை. மாட்டுச் சந்தையில் உழவர் மாட்டின் வாயைத் திறந்து, ‘இரண்டு பல் போட்டது’, ‘நான்கு பல் போட்டது’ என்று அதன் வயதைக் கணித்துவிடுவர். தரகரின் சொல்லை நம்பாதவரும் பல்லின் சான்றை நம்புவர். கண்ணால் கண்டதையே மறுத்துப் பேசும் வாயினுள், மறுக்க இயலாத சான்று ஒன்று அமைந்திருப்பது வியப்பன்றோ?

மாட்டின் வயதைக் காட்டும் பல், மனிதன் இன்னான் என்பதையும் காட்டும். நெருப்பிலும் நீரிலும் முகம் அழிந்து, இறந்தவர் யார் என்று தாயும் சொல்ல இயலாத வேளையில், நீதிமன்றத்தின் முன் பல் பேசியிருக்கிறது. அவ்வாறு பேசிய வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாற்றில், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்றோர் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

பழங்காலச் செய்திகள்

உரோமப் பேரரசன் கிளாடியசின் மனைவி அக்ரிப்பினா, தனக்குப் போட்டியாக இருந்த லோலியா பவுலினா என்னும் செல்வச் சீமாட்டியைக் கி.பி. 49-ஆம் ஆண்டில் நாடு கடத்தி மாளச் செய்தாள். கொண்டுவரப்பட்ட தலையைக் கண்டு அவளால் உறுதி கொள்ள இயலவில்லை. வாயைத் திறந்து, தான் முன்பே அறிந்திருந்த பற்களின் அமைப்பைப் பார்த்த பின்னரே அவள் நம்பினாள் என்று காசியஸ் தியோ என்னும் வரலாற்று ஆசிரியர் எழுதியுள்ளார்.

நம் நாட்டு வரலாற்றிலும் இத்தகைய செய்தி ஒன்று வழங்குகிறது. கன்னோசியை ஆண்ட ஜெயச்சந்திரன், 1194-ஆம் ஆண்டில் சந்தவார்ப் போரில் கோரி முகம்மதின் படையை எதிர்த்து மாண்டான். களத்தில் குவிந்து கிடந்த உடல்களுள் மன்னன் உடல் எது என்று தெரியாதிருக்க, பொன்னால் கட்டப்பட்ட பற்களைக் கொண்டு அதனைக் கண்டனர் என்று பிற்காலத்துப் பாரசீக வரலாற்று நூல் கூறுகிறது.

அமெரிக்க விடுதலைப் போரில் 1775-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் டாக்டர் ஜோசப் வாரன் என்னும் தலைவர் பங்கர் குன்றில் வீழ்ந்தார். ஆங்கிலேயர் அவரைப் பெயரற்ற குழியிற் புதைத்தனர். அடுத்த ஆண்டு உடலைத் தோண்டியெடுத்தபோது, பால் ரெவியர் என்னும் பொற்கொல்லர், தாம் கம்பியால் கட்டிக் கொடுத்த பொய்ப்பல்லைக் கண்டு அது வாரனின் உடலே என்று உறுதி சொன்னார்.

இம்மூன்று செய்திகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. ஒவ்வோரிடத்தும் அந்தப் பல்லை முன்பே அறிந்திருந்த ஒருவர் வேண்டியிருந்தது. வாரனுக்கோ, பல்லை ஆக்கியவரே சான்றாகக் கிடைத்தார். இறந்தவர் வாயில் பல் இருந்தால் மட்டும் போதாது. அதனை இன்னாருடையது என்று சொல்ல ஆள் வேண்டும், அல்லது ஏடு வேண்டும். இதனை நீதிமன்றத்தில் ஐயந்திரிபற விளக்கிக் காட்டியது ஒரு பெரிய வழக்கு.

பாஸ்டன் நகர வழக்கு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜார்ஜ் பார்க்மன் என்னும் பெருஞ்செல்வர் வாழ்ந்தார். மருத்துவம் பயின்றவராயினும், வாடகை வசூலிப்பதும் வட்டிக்குக் கடன் கொடுப்பதுமே அவருக்குத் தொழிலாயின. நீண்டு முன்தள்ளிய மோவாய் உடையவர். நாள்தோறும் தெருத்தெருவாக நடந்து தாமே கடனை வசூலிப்பார். ஆதலால் ஊரில் அவரை அறியாதார் இல்லை. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி எழுந்து நின்ற நிலமும் அவர் வழங்கியதே. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஜான் வைட் வெப்ஸ்டர் அவரிடம் கடன்பட்டிருந்தார். பார்க்மனிடம் ஈடு வைத்த தம் கனிமத் தொகுப்பையே வெப்ஸ்டர் வேறொருவரிடமும் ஈடு காட்டிப் பணம் பெற்றார். அதனை அறிந்த பார்க்மனின் சினம் பெருகிற்று.

1849-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பிற்பகலில் வெப்ஸ்டரைக் காணக் கல்லூரிக்குள் நுழைந்த பார்க்மன் வெளியே வரவில்லை. அவரைக் கண்டுபிடித்துத் தருவோர்க்கு 3,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. கல்லூரிக் காவலர் எஃப்ரெயிம் லிட்டில்ஃபீல்டுக்குப் பேராசிரியர்மீது ஐயம் தோன்றிற்று. ஒரு நாளும் ஒன்றும் கொடுத்தறியாத வெப்ஸ்டர் அவ்வாண்டு பண்டிகைக்கு அவருக்கு ஒரு வான்கோழியைப் பரிசளித்தது அவ்வையத்தை மிகுவித்தது. பேராசிரியர் அறையின் கீழிருந்த செங்கற் சுவரைக் காவலர் இரவும் பகலும் இரகசியமாக இடித்தார். நவம்பர் 30-ஆம் நாள் சுவரில் துளை விழுந்தது. விளக்கை நீட்டிப் பார்த்தபோது, உள்ளே மனித உடலின் உறுப்புக்கள் தெரிந்தன. அறையிலிருந்த உலையின் சாம்பலைக் கிளறியபோது, எரிந்த எலும்புத் துண்டுகளோடு பொய்ப்பற்களின் துண்டுகளும் பொன்னும் கிடைத்தன.

தலை இல்லை, முகம் இல்லை. கிடைத்த உடல் பார்க்மனுடையதுதானா? மருத்துவக் கல்லூரியில் மாணவர் பயிற்சிக்கென உடல்கள் இருப்பது இயல்புதானே என்று வழக்குரைஞர் வினவினால், விடை யாது? பெயர் தெரியாத உடலைக் கொண்டு ஒருவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பது எங்ஙனம்? வழக்கின் உயிர்நிலை இவ்வினாவில் இருந்தது.

1850 மார்ச்சு 19-ஆம் நாள் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா முன்னிலையில் விசாரணை தொடங்கியது. காண வந்தோர் சுமார் 60,000 பேர். ஆதலின் பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக அவர்களை உள்ளே விட்டு வெளியேற்றினர். சாட்சிக் கூண்டில் ஏறிய டாக்டர் நேத்தன் கூலி கீப் என்னும் பல் மருத்துவர், உலையிற் கிடைத்த துண்டுகளைக் கையில் ஏந்தி, இவை தாம் 1846-ஆம் ஆண்டில் பார்க்மனுக்குச் செய்து கொடுத்த பற்களே என்றார். மருத்துவக் கல்லூரியின் திறப்பு விழாவுக்குள் பற்கள் வேண்டும் என்று பார்க்மன் விரைவுபடுத்தியதையும், நாக்குக்கு இடம் போதவில்லை என்று அவர் சொன்னதனால் கீழ்ப்பற்களின் உட்புறத்தைத் தாம் தேய்த்துக் கொடுத்ததையும் எடுத்துரைத்தார். அந்தத் தேய்ப்பின் சுவடு துண்டில் இருந்தது. பின்னர், பற்களைச் செய்தபோது பார்க்மனின் தாடைக்கு எடுத்த சாந்து அச்சைக் கீப் வெளியே எடுத்தார். மூன்றாண்டுக்கு மேலாக அதனை அவர் எறியாது காத்து வைத்திருந்தார். துண்டுகள் அவ்வச்சில் பொருந்தின. தம் நண்பரின் முடிவை நினைந்து கீப் கூண்டிலேயே கண்ணீர் விட்டார்.

எதிர்வாதம் இல்லாமற் போகவில்லை. ஈதர் மயக்க மருந்தை 1846-இல் உலகுக்குக் காட்டிப் புகழ்பெற்ற பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன், வெப்ஸ்டர் தரப்பில் சாட்சி சொன்னார். இத்துண்டுகளில் தனிக்குறி ஏதும் இல்லை. வேறு அச்சிலும் இவற்றைப் பொருத்தலாம் என்பது அவர் கூற்று. பல்லின் சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆயினும் நடுவர்குழு கீப்பின் சொல்லை ஏற்று, வெப்ஸ்டரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. கடன் கேட்டு இழிவுபடுத்தியதனால் சினத்தில் கட்டையால் அடித்துவிட்டதாக அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். 1850 ஆகஸ்டு 30-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். 1867-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் அதே கீப்.

பாரிஸ் நகரத் தீ

ஒரு வழக்கில் ஒரு பல் மருத்துவர் செய்ததை ஒரு முறையாகவே ஆக்கியது 1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பாரிசில் நேர்ந்த பெருந்தீ. உயர்குலப் பெண்டிர் ஏழைகளுக்கு உதவ ஆண்டுதோறும் நடத்திய அறச்சந்தை அன்று நடைபெற்றது. மரத்தாலும் வண்ணத் துணியாலும் பழைய காலத் தெருவைப் போல அமைத்த கொட்டகை அது. அப்போது புதுமையாக இருந்த திரைப்படக் காட்சியும் அங்கே இருந்தது. படக்கருவியின் ஈதர் விளக்கிலிருந்து பற்றிய தீ, சில நிமிடங்களில் கொட்டகை முழுவதையும் விழுங்கிற்று. மாண்டோர் ஏறத்தாழ 126 பேர். அவருள் மிகப் பலர் பெண்கள்.

உடல்களை ஒரு பெரிய மண்டபத்தில் வரிசையாகக் கிடத்தினர். எஞ்சிய துணியைக் கொண்டும் நகையைக் கொண்டும் உற்றார் பலரை அறிந்தனர். சுமார் முப்பது உடல்கள் அறியப்படாமல் எஞ்சின. அவ்வேளையில் பராகுவே நாட்டுத் தூதரக அலுவலர் ஆல்பர்ட் ஹாஸ் ஒரு யோசனை கூறினார்: இறந்தோருக்குச் சிகிச்சை செய்த பல் மருத்துவர்களை அழைத்துப் பார்க்கச் சொன்னால் என்ன? மருத்துவர்கள் தத்தம் குறிப்பேடுகளோடு வந்தனர். எந்தப் பல்லில் பொன் அடைத்தோம், எந்தப் பல்லைப் பிடுங்கினோம் என்று ஏட்டைப் பார்த்து, வாயையும் பார்த்தனர். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கையான அலான்சோன் சீமாட்டியும் இவ்வாறே அறியப்பட்டார். பிறர் உயிரைக் காத்த பின்னரே வெளியேறுவேன் என்று நின்று மாண்டவர் அவர் என்பர்.

கியூபாவிற் பிறந்து பாரிசில் ஆசிரியராக இருந்த ஆஸ்கர் அமோயெதோ என்னும் பல் மருத்துவர் அந்நிகழ்ச்சிகளையெல்லாம் திரட்டி, 1898-இல் சட்ட மருத்துவத்தில் பல்லின் பயன் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். இத்துறையின் தந்தை என அவரைப் போற்றுவர்.

ஏடு இல்லாதபோது மருத்துவரின் உதவியாளரது நினைவே ஏடாக நின்றதும் உண்டு. 1945 மே மாதம், பெர்லினில் எரிந்து கிடைத்த தாடை இட்லருடையதா என்று அறியச் சோவியத் படையினர் அவருடைய பல் மருத்துவரைத் தேடினர். அவர் நகரை விட்டு நீங்கியிருந்தார். உதவியாளரான கெத்தே ஹாய்சர்மன் என்னும் பெண்மணியும், பற்பாலம் செய்த தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் எக்ட்மனும் தாம் நினைவிற் கொண்டிருந்ததைக் கூற, அது தாடையோடு ஒத்தது. உண்மை சொன்ன அப்பெண்மணிக்குக் கிடைத்த கைம்மாறு, பல்லாண்டுச் சோவியத் சிறை.

பல்லின் இயல்பு

எலும்பும் தசையும் அழிந்த பின்னும் பல் நிற்பது ஏன்? பல்லை மூடியுள்ள எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளே. மேலும், கன்னமும் நாக்கும் பின்பற்களைப் போர்வைபோல மூடிக் காப்பதால் தீயின் வெம்மை அவற்றைத் தாமதித்தே அடைகிறது. வளர்ந்தவர் வாயில் 32 பற்கள். ஒவ்வொன்றிலும் மருத்துவர் குறிக்கும் பரப்புக்கள் ஐந்து. ஆக 160 இடங்கள். இவற்றுள் எங்கே சொத்தை, எங்கே அடைப்பு, எங்கே உறை, எது வேர்ச் சிகிச்சை பெற்றது, எது விழுந்தது என்று கணக்கிட்டால், இருவர் வாய் முழுதும் ஒத்திருத்தல் அரிது. எக்ஸ்ரே படம் இருப்பின் வேரின் வளைவும் அடைப்பின் விளிம்பும் தெளிவாக ஒப்பிடத்தக்கன. கைரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றையுமே இறந்தோரை அறியும் முதன்மைச் சான்றுகளாக இன்டர்போல் கொள்கிறது.

பல் பிழைபடச் சொன்ன இடம்

இறந்தவர் பல்லை ஏட்டோடு ஒப்பிடுவது ஒன்று. ஒருவர் தோலில் பதிந்த கடிதழும்பைக் கண்டு கடித்தவர் இன்னார் என்பது முற்றிலும் வேறொன்று. தோல் சாந்தைப் போல அச்சைக் காப்பதில்லை. இழுபடும், வீங்கும், நிறம் மாறும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ரே குரோன் என்பவர், கடிதழும்பு அவருடைய கோணற் பற்களோடு ஒத்தது என்னும் சாட்சியை முதன்மையாகக் கொண்டு 1992-இல் மரண தண்டனை பெற்றார். டி.என்.ஏ. சோதனை உண்மைக் குற்றவாளியைக் காட்ட, பத்தாண்டு சிறையிலிருந்து 2002-இல் விடுதலையானார். கடிதழும்பைக் கொண்டு ஒருவரை உறுதியாகச் சுட்டுவதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அந்நாட்டு அறிவியற் கழகத்தின் அறிக்கை 2009-இல் எடுத்துக்காட்டியது.

நம் நாட்டில், 2012 டிசம்பர் 16-ஆம் நாள் டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பெருங்கொடுமை பற்றிய வழக்கிலும் கடிதழும்பு சான்றாயிற்று. தழும்பின் புகைப்படங்களைக் குற்றம் சாட்டப்பட்டோரின் பல் அச்சுக்களோடு தார்வாடில் உள்ள பல் மருத்துவக் கல்லூரி அறிஞர் ஒப்பிட்டார். ஆனால் அவ்வழக்கு அதனை மட்டும் நம்பி நிற்கவில்லை. டி.என்.ஏ. சான்றும், இறக்குமுன் அப்பெண் அளித்த வாக்குமூலமும், உடனிருந்தவர் சாட்சியமும் இருந்தன. அவற்றோடு சேர்த்தே 2017-இல் உச்சநீதிமன்றம் அதனை எடுத்துக்கொண்டது. துணைச்சான்று துணையாக நிற்கும் வரையில் நன்று. தனியே நின்று ஓர் உயிரைக் கேட்குமாயின், அன்று மார்ட்டன் எழுப்பிய ஐயத்தை நாமும் எழுப்புதல் வேண்டும்.

ஏடு உடையாரும் இல்லாரும்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையை நாம் மறக்கவியலாது. தாய்லாந்துக் கரையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டுப் பயணிகள். வெப்பத்தில் சில நாட்களிலேயே முகங்கள் அறிய முடியாதனவாயின. ஐரோப்பிய நாடுகளிலிருந்து பல் மருத்துவ ஏடுகளும் எக்ஸ்ரே படங்களும் வந்து சேர்ந்தன; அவற்றைக் கொண்டு அந்நாட்டார் பலர் பெயர் பெற்று வீடு திரும்பினர். பல் ஏடு இல்லாத தாய்லாந்து மக்கள் பலரை, அவர்தம் அடையாள அட்டைக்கென எடுத்த கைரேகை காட்டிக் கொடுத்தது. எந்த ஏடும் இல்லாதோர் நெடுங்காலம் பெயரின்றிக் காத்திருந்தனர்.

அதே நாளில் நம் நாகப்பட்டினக் கரையில் நேர்ந்தது யாது? நோய் பரவும் என்னும் அச்சத்தால் உடல்களை விரைந்து பெருங்குழிகளில் அடக்கம் செய்தனர். பலருக்கு எஞ்சியது ஒரு புகைப்படமே. சிலருக்கு அதுவும் இல்லை. தம் பிள்ளை எக்குழியில் என்று அறியாத பெற்றோர் இன்றும் உளர். அவர்தம் பிள்ளைகளுக்கும் பல் இருந்தது. பல்லைக் குறித்த ஏடுதான் இல்லை.

இந்நாளில் டி.என்.ஏ. இருக்கப் பல் எதற்கு என்று கேட்பார் உளர். 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டோரைப் பெரும்பாலும் டி.என்.ஏ. வழியாகவே அறிந்தனர் என்பது உண்மை. ஆனால் அதற்கு நெருங்கிய இரத்த உறவினர் வந்து மாதிரி தரல் வேண்டும். ஆய்வகமும் நாட்களும் வேண்டும். ஏடு கையிலிருந்தால் பல்லை ஒப்பிடுவது சில மணி நேர வேலை. மேலும், உடல் சிதைந்தபோது டி.என்.ஏ. எடுப்பதற்கும் பல்லின் உட்கூழே பலகால் உதவுகிறது.

நாம் செய்யத்தக்கது

பிறந்த ஊரில் இருந்தவரை நமக்கு ஏடு தேவைப்படவில்லை. மாமரத்திலிருந்து விழுந்து முன்பல் உடைந்தது எந்த ஆண்டில் என்பதைப் பாட்டியார் சொல்வார். தெற்றுப்பல் யார் வழி வந்தது என்பதைத் தெருவே சொல்லும். ஊரே நமக்கு ஏடாக இருந்தது. இங்கே அடுத்த வீட்டார் நம் பெயரையும் வீட்டு எண்ணையும் அறிவர்; அதற்கு மேல் அறிய அவர்க்கு வாய்ப்பேது? மூன்றாண்டுக்கு ஓர் ஊர் என்று மாற்றலாகி வந்தவர்தம் ஒரு பல்லை ஓர் ஊரிலும் மறுபல்லை மற்றோர் ஊரிலும் அடைத்திருப்பர். அந்தச் சீட்டுக்கள் சாமான் கட்டும்போதே குப்பைக்குப் போயிருக்கும்.

1920-இல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய காலத்தில் பல் மருத்துவரைக் காண்பதே அரிது. இன்று நம் காலனியைச் சுற்றிலும் மருத்துவர் உளர். ஆதலின் நாம் செய்யத்தக்கவை எளியனவே. சிகிச்சை முடிந்ததும் பல் குறிப்பின் படியையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டுப் பெறுவோம். கேட்டால் மறுப்பார் அரியர், கேட்பாரே அரியர். அவற்றைப் பள்ளிச் சான்றிதழோடும் காப்பீட்டுப் பத்திரத்தோடும் ஒரே உறையில் வைப்போம். ஊரில் உள்ள உடன்பிறந்தார்க்கும் ஒரு படி அனுப்புவோம். பெரியவர்களுக்குக் கட்டுப்பல் செய்யும்போது அதனுள்ளே பெயர் பொறிக்கச் சொல்வோம். சில நாடுகளில் இது வழக்கமாகவே உள்ளது. இனி, புகைப்படம் எடுக்கையில் வாய்விட்டுச் சிரிப்போம். உதட்டை இறுக மூடி, விறைப்பாக அமர்ந்து படம் எடுப்பது நம் முன்னோர் வழக்கம். பற்கள் தெரியச் சிரித்த படம் ஒன்று, ஏடு இல்லாத இடத்தில் ஏடாக உதவும் என்பது இத்துறையார் கண்ட உண்மை.

இவற்றை அமங்கலப் பேச்சாக எவரும் கருதவேண்டா. உயில் எழுதுவதனால் சாவு வருவதில்லை. இறந்தவர் பெயர் உறுதியானால்தான் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அச்சான்றிதழ் இருந்தால்தான் மனைவிக்கு ஓய்வூதியமும் பிள்ளைக்குக் காப்பீட்டுப் பணமும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் தன் தந்தைக்குத்தான் கொள்ளி வைத்தோம் என்னும் மனநிறைவோடு வீடு திரும்புவான். பாஸ்டனில் ஒரு பல் மருத்துவர் மூன்றாண்டு காலம் எறியாமல் காத்து வைத்த சாந்து அச்சு ஒன்றே ஒரு மனிதனுக்கு அவன் பெயரை மீட்டுக் கொடுத்தது. நம் பெயரைக் காக்கும் ஏட்டை நாமே காத்து வைப்போமாக.